"மைசெல்ஃப் குமார்" எங்கிருந்து வருகிறது? ஆங்கில புரோநவுன்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதல்முதலாக நேர்முகத் தேர்வுக்குப் போனபோது வாயிலிருந்து வந்த முதல் சொல்லே தப்பு. "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து என் பெயரைச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார். வேலை கிடைக்காததற்கு அது காரணமில்லை, அதற்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன. ஆனால் அந்தச் சிரிப்பு எதற்கு என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இப்போது சாயங்கால வேளைகளில் நானே ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். புரோநவுனில், அதாவது பெயருக்குப் பதிலாக வரும் மாற்றுப்பெயரில், நம் ஆட்கள் செய்யும் தவறுகளைப் பார்த்துப் பார்த்து ஒன்று தெளிவாகிவிட்டது. இவை கவனக்குறைவால் வருவதில்லை. பெரும்பாலானவை தமிழ் இலக்கணம் ஒழுங்காகத் தெரிந்திருப்பதால்தான் வருகின்றன. தமிழில் சரியான ஒரு பழக்கத்தை நாக்கு ஆங்கிலத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் முதலில் தமிழைப் பார்ப்போம், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போவோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் படித்துத் தாண்டாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: தோன்றா எழுவாயை மறந்துவிடுங்கள்

"வந்தேன்." தமிழில் இது ஒரு முழு வாக்கியம். வந்தது யார் என்பதை அந்த 'ஏன்' விகுதியே சொல்லிவிடுகிறது. வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று ஆளுக்கு ஒரு வால் இருப்பதால் நான், நீ, அவன் எல்லாவற்றையும் தாராளமாக விட்டுவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் "கேம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தது நானா, நீயா, ஊரே திரண்டு வந்ததா என்பதற்கு அந்தச் சொல்லுக்குள் எந்தத் தடயமும் இல்லை. ஐ கேம், யூ கேம், ஹீ கேம், தே கேம் எல்லாம் ஒரே கேம்தான். வினைக்கு வால் இல்லாததால் முழுப் பாரமும் முன்னால் நிற்கும் புரோநவுன் மேல் விழுகிறது. அதை விட்டால் வாக்கியம் படுத்துவிடும். "கம் ஹியர்" போன்ற ஏவலில் மட்டும்தான் இந்த விதிக்கு விலக்கு.

இந்த விதியை ஆங்கிலம் எவ்வளவு தீவிரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேடிக்கையான சாட்சி 'இட்'. மழை பெய்கிறது என்கிறோம். பெய்வது மழை, பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் "இட் இஸ் ரெயினிங்". எது ரெயினிங்? எதுவுமில்லை. எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக ஒரு பொம்மையைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். வெக்கையாக இருக்கிறது என்றால் "இட் இஸ் ஹாட்". மணி ஐந்து என்றால் "இட் இஸ் ஃபைவ் ஓ க்ளாக்". மதுரைக்கு எவ்வளவு தூரம் என்றால் "ஹவ் ஃபார் இஸ் இட் டு மதுரை?" வானிலை, நேரம், தூரம் என்று பேச்சு வந்தாலே இந்தப் பொம்மையைத் தேடுங்கள். "வெரி ஹாட் டுடே" என்று பேச்சில் ஓடிவிடும், எழுத்தில் ஓடாது.

இதே பழக்கத்துக்கு இன்னொரு முகம், செயப்படுபொருளை விழுங்கிவிடுவது. "புத்தகம் கொண்டுவந்தாயா?" என்றால் "கொண்டுவந்தேன்" போதும். அதே வேகத்தில் ஆங்கிலத்திலும் "யெஸ், ஐ பிராட்" என்று நிறுத்திவிடுகிறோம். கேட்கிறவருக்கு மாடிப்படியில் கடைசிப் படி இல்லாததுபோல இருக்கும். "ஐ பிராட் இட்" என்று சொல்ல வேண்டும். படம் எப்படி இருந்தது என்றால் "ஐ லைக்ட் இட்". கல்யாணத்துக்குப் போய்வந்து "வீ என்ஜாய்ட் எ லாட்" என்பதும் இதே கணக்கு. எதை என்ஜாய் செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "வீ என்ஜாய்ட் அவுர்செல்வ்ஸ்" என்று முடிக்க வேண்டும். தெரியும் என்பதற்கு மட்டும் "ஐ நோ" போதும். அங்கே இட் சேர்த்தால்தான் உறுத்தும்.

நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. "மை ஃபாதர் ஹீ இஸ் எ ஃபார்மர்." ஒரு நாற்காலியில் இரண்டு பேர். எங்கப்பா இருக்காரே, அவர் ஒரு விவசாயி என்று நீட்டிச் சொல்லும் பேச்சுப் பழக்கத்தின் எச்சம் இது. அப்பாவை வைத்துக்கொள்ளுங்கள், ஹீயை அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: வேற்றுமை

ஐ என்பது தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு. அவனை, மரத்தை என்று செயப்படுபொருளில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கில ஐ அதற்கு நேர் தலைகீழ். எழுவாய் இடத்தில் மட்டும்தான் உட்காரும், செயப்படுபொருள் பக்கம் எட்டிப் பார்க்காது. அங்கே மீ வரும்.

இது ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். நாமும் நானை, நானுக்கு என்று சொல்வதில்லையே. உருபு ஏற்கும்போது நான் 'என்' ஆகிறது, நீ 'உன்' ஆகிறது, நாம் 'நம்' ஆகிறது. ஐ மீயாக மாறுவதும் அதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால் தமிழில் அவன் மாறுவதில்லை, அவனை, அவனுக்கு என்று அப்படியே உருபு ஏற்கும். ஆங்கிலத்தில் ஹீயும் மாறும்.

முழுக் குடும்பமும் இது. ஒவ்வொரு வரியிலும் வரிசையாக நான், என்னை, என், என்னுடையது, நானே என்ற ஐந்து இடங்கள்.

ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப்
வீ, அஸ், அவுர், அவுர்ஸ், அவுர்செல்வ்ஸ்
யூ, யூ, யுவர், யுவர்ஸ், யுவர்செல்ஃப் (பலரிடம் பேசினால் யுவர்செல்வ்ஸ்)
ஹீ, ஹிம், ஹிஸ், ஹிஸ், ஹிம்செல்ஃப்
ஷீ, ஹெர், ஹெர், ஹெர்ஸ், ஹெர்செல்ஃப்
இட், இட், இட்ஸ், (இந்த இடம் வழக்கில் காலி), இட்செல்ஃப்
தே, தெம், தெயர், தெயர்ஸ், தெம்செல்வ்ஸ்

'எங்கள்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவுர் என்று எழுதியிருக்கிறேன். காதில் விழுவதை வைத்து எழுதினால் நம்முடைய 'அவர்' ஆகிவிடும், குழப்பம்.

தமிழில் என்னை, எனக்கு, என்னோடு, என்னிடம், என்மேல் என்று உருபு மாறிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே மீ. வேலையை முன்னால் வரும் சிறு சொல் பார்த்துக்கொள்ளும்: ஃபார் மீ, வித் மீ, ஃப்ரம் மீ, ஆன் மீ. இப்படி ஒரு சிறு சொல், அதாவது ப்ரெபொசிஷன், முன்னால் வந்துவிட்டால் இரண்டாம் இடத்து வடிவம்தான் வரும். முதல் இடத்து ஐயோ ஹீயோ வராது. மைன், மைசெல்ஃப் வரும் சில இடங்களைப் பின்னால் பார்ப்போம்.

ஆனால் இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்கு இரண்டு தம்பிகள். என்னால் முடியும். இந்த வாக்கியங்கள் எதிலும் நான் இல்லை. அனுபவிக்கிற ஆள் நான்தான், ஆனால் தமிழ் என்னை நான்காம் வேற்றுமையிலோ மூன்றாம் வேற்றுமையிலோ ஓரமாக நிற்க வைக்கிறது. ஆங்கிலமோ அந்த ஆளை இழுத்துவந்து எழுவாய் நாற்காலியில் உட்கார வைக்கும்: ஐ ஆம் ஹங்ரி, ஐ நோ, ஐ லைக் இட், ஐ வாண்ட் இட், ஐ ஹேவ் டூ பிரதர்ஸ், ஐ கேன். எனக்கு என்றதும் "டு மீ" என்றோ "ஃபார் மீ" என்றோ கை போகும். "ஃபார் மீ டூ பிரதர்ஸ்" என்று ஆரம்பித்துவிட்டு நடுவழியில் திணறி நிற்பவர்களை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பசியோ தெரிதலோ விருப்பமோ யாருக்குள் நடக்கிறது? அந்த ஆளே ஆங்கிலத்தில் எழுவாய். உண்மையிலேயே ஒரு பொருள் என் கைக்கு வந்துசேர்கிறது என்றால்தான் மீ: எனக்குக் கொடு, "கிவ் மீ".

அடுத்தது ஜோடியாக வரும்போது உண்டாகும் தடுமாற்றம். "ஹீ கேவ் தி மனி டு ரவி அண்ட் ஐ" சரியா? ரவியைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள். "ஹீ கேவ் தி மனி டு ஐ" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக "ரவி அண்ட் மீ". "ரவி அண்ட் மீ வென்ட்" என்பதையும் இப்படியே சோதியுங்கள், "மீ வென்ட்" நிற்காது, அதனால் "ரவி அண்ட் ஐ வென்ட்". ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் இந்த இடத்தில் தினமும் வழுக்குகிறார்கள். "பிட்வீன் யூ அண்ட் ஐ" என்பது அவர்களுக்குள் பிரபலமான பிழை.

வரிசையிலும் ஒரு சங்கதி. நாம் நானும் அக்காவும் என்று நம்மை முதலில் வைக்கிறோம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆங்கில எழுத்து வழக்கில் ஐ கடைசியில் நிற்கும்: "மை சிஸ்டர் அண்ட் ஐ". கதவைத் தட்டிவிட்டு "யாரு?" என்ற குரலுக்கு "இட் இஸ் ஐ" என்று சொல்லத் தேவையில்லை, அது பழைய இலக்கணப் புத்தகத்தின் ஆசை. "இட்ஸ் மீ" என்றே எல்லாரும் சொல்கிறார்கள்.

மூன்றாம் படி: அவர், அவங்க, நீங்க

மரியாதை விஷயத்தில் நம் கை கட்டிப்போடப்படுவது இங்கேதான். தமிழ் அவர் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை, மதிப்பை மட்டும் சொல்லும். ஆங்கிலம் நேர் எதிர்: மதிப்பைச் சொல்லாது, ஆணா பெண்ணா என்று கேட்கும். ஆகவே அவர் என்று வந்தால் முதலில் யார் என்று பார்த்து ஹீ அல்லது ஷீ என்று பிரிக்க வேண்டும். அப்பாவையோ தலைமை ஆசிரியரையோ ஹீ என்று சொல்ல ஆரம்பத்தில் கூசும். கூச வேண்டாம், ஹீயில் அவனும் உண்டு, அவரும் உண்டு.

கூச்சத்தால் வரும் தவறு ஒன்று உண்டு. அம்மாவையும் டீச்சரையும் நாம் அவங்க என்கிறோம். அவங்க பன்மை போலத் தெரிவதால் "மை டீச்சர் இஸ் நாட் வெல், தே ஆர் இன் ஹாஸ்பிடல்" என்று வந்துவிடும். கேட்கிறவர் எத்தனை டீச்சர் என்று யோசிப்பார். "ஷீ இஸ் இன் ஹாஸ்பிடல்" போதும்.

மரியாதைக்குப் பன்மையைப் பயன்படுத்துவது ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. யூ என்பது முதலில் பன்மை. ஒருமைக்கு 'தவ்' என்று தனிச்சொல் இருந்தது, நம் நீ மாதிரி. பெரியவர்களை யூ என்று பன்மையில் அழைக்கும் பழக்கம் வந்து, அது பரவிப் பரவி, எல்லாருக்கும் யூ என்று ஆகி, தவ் பொதுப் பேச்சிலிருந்து காணாமல் போனது. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதர்களுக்குள் மேல் கீழ் கூடாது என்று சொல்லி, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தவ் என்றே அழைத்து வம்பில் மாட்டினார்கள். ஆக இன்று மிஞ்சியிருப்பது நீ இல்லை, நீங்கள்தான். ஒரே ஆளிடம் பேசும்போதும் "யூ ஆர்", "யூ வேர்" என்று பன்மை வினை வருவது அதனால்தான். "யூ வாஸ்" என்று சொல்லிப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

தே, தெம், தெயர் மூன்றும் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளைகள்கூட இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து இங்கிலாந்தில் வந்து குடியேறியவர்களின் நோர்ஸ் மொழி கொடுத்தவை. தே ஒருமையாகவும் வரும். "எவ்ரிஒன் ஷுட் பிரிங் தெயர் லஞ்ச்" என்ற வாக்கியத்தில் எவ்ரிஒன் ஒருமை, ஆனால் ஆணா பெண்ணா தெரியாது. அப்போது ஹிஸ் என்றும் சொல்லாமல் ஹெர் என்றும் சொல்லாமல் தெயர் என்று முடிப்பது பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் வழக்கம். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கவும் இப்போது தே என்கிறார்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது இந்த தேயைத்தான். எனவே மேலே சொன்ன டீச்சர் வாக்கியத்தில் தே இலக்கணப்படி முற்றிலும் முடியாத ஒன்று அல்ல. நாம் சொல்ல வந்தது அதுவல்ல என்பதுதான் சிக்கல்.

நாம், நாங்கள் என்ற அருமையான வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. "வீ ஆர் கோயிங் டு எ மூவி" என்று நண்பர் சொன்னால் உங்களையும் சேர்த்தா, இல்லையா? வாக்கியம் சொல்லாது. இந்தச் சங்கடத்தில் மாட்டாமலிருக்க, நாம் என்றால் "லெட்ஸ் கோ" என்று தொடங்கலாம். லெட்ஸ் எப்போதும் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். நாங்கள் மட்டும் என்றால் "மை ஃபேமிலி அண்ட் ஐ" என்று ஆட்களைச் சொல்லிவிடுவது நல்லது.

நான்காம் படி: யாருடையது

ஹிஸ், ஹெர் இரண்டில் எது என்பது உடையவரைப் பொறுத்தது, உடைமையைப் பொறுத்தது அல்ல. அவருடைய கணவர் என்றால் உடையவர் பெண், எனவே "ஹெர் ஹஸ்பண்ட்". கணவர் ஆண் என்பதால் ஹிஸ் போட்டுவிடும் ஆட்கள் உண்டு. அவருடைய என்பதில் ஆண் பெண் அடையாளம் இல்லாததால் மனசு பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறது.

பின்னால் பெயர் வந்தால் மை, வராவிட்டால் மைன். "திஸ் இஸ் மை பேக்", "திஸ் பேக் இஸ் மைன்". என் நண்பர் ஒருவர் என்பதற்கு "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்". "எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ" கிடையாது.

அப்புறம் மேலே போடும் கமா, அதாவது அப்பாஸ்ட்ரஃபி. இட்ஸ் என்பது காதுக்கு ஒன்று, எழுத்தில் இரண்டு. கமா இருந்தால் அது "இட் இஸ்" அல்லது "இட் ஹேஸ்" என்பதன் சுருக்கம். கமா இல்லாவிட்டால் 'அதன்'. எழுதியதும் இட்ஸை எடுத்துவிட்டு "இட் இஸ்" என்று விரித்துப் படியுங்கள். பொருள் நின்றால் கமா போடலாம், நிற்காவிட்டால் அழியுங்கள். மேலே தந்த குடும்பத்தில் உடைமை புரோநவுன் எதற்குமே கமா கிடையாது. விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று எழுதும்போது கடைசி எஸ்ஸுக்கு முன்னால் கமா போடுவது நம் ஊர்க் கடிதங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் சொத்து. அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: செல்ஃப், அப்புறம் தமிழின் 'தன்'

இப்போது "மைசெல்ஃப் குமார்". மைசெல்ஃப் வருவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, செய்பவரும் செயலைப் பெறுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்: "ஐ கட் மைசெல்ஃப்", என்னை நானே வெட்டிக்கொண்டேன். இரண்டு, நம் ஏகாரம் செய்யும் வேலை: நானே பார்த்தேன், "ஐ சா இட் மைசெல்ஃப்". பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதில் இந்த இரண்டும் இல்லை. "ஐ ஆம் குமார்" என்று சொன்னால் போதும். தொலைபேசியில் மட்டும் "திஸ் இஸ் குமார்" என்பார்கள், ஆங்கிலத்தில் போனுக்குப் பின்னால் இருக்கும் ஆள் 'இது' ஆகிவிடுகிறார். அலுவலக மின்னஞ்சலில் "ப்ளீஸ் காண்டாக்ட் ரவி ஆர் மைசெல்ஃப்" என்று எழுதுவது பணிவாகத் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரவியை வெளியே அனுப்பிப் பாருங்கள், "காண்டாக்ட் மீ" என்றுதானே வரும்?

ஹிஸ்செல்ஃப், தெயர்செல்வ்ஸ் என்று சொற்கள் கிடையாது. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ். மை, யுவர், அவுர் மூன்றுக்கும் உடைமை வடிவம் எடுத்த ஆங்கிலம் இங்கே ஏன் ஹிம் எடுத்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். மொழி எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை என்பதுதான் என் பதில். "பை மைசெல்ஃப்" என்றால் தனியாக, பிறர் துணை இல்லாமல்.

தமிழ் தன்னிடம் வைத்திருக்கும் ஒரு நுட்பம் ஆங்கிலத்தில் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரவி பாபுவிடம் தன் சைக்கிளைக் கொடுத்தான் என்றால் அது ரவியின் சைக்கிள், சந்தேகமே இல்லை. "ரவி கேவ் பாபு ஹிஸ் பைக்" என்றால் ஹிஸ் யாரையும் சுட்டலாம். நமக்கு மனசுக்குள் தன் ஒலிப்பதால் வாக்கியம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும், படிப்பவருக்கு அப்படி இல்லை. "ஹிஸ் ஓன் பைக்" என்று ஓன் சேர்க்கலாம். இல்லை, வெட்கப்படாமல் பெயரையே மறுபடி எழுதலாம். புரோநவுன் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பத்தியில் இரண்டு ஆண்கள் வந்துவிட்டால் நான் எழுதும் ஒவ்வொரு ஹீக்கும் பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதிப் பார்ப்பேன். எழுதத் தயக்கம் வந்த இடத்தில் வாக்கியத்தை மாற்றிவிடுவேன்.

ஆறாம் படி: திஸ், தட், ஒன்

இது சுலபம். இ என்றால் திஸ், அ என்றால் தட், பன்மைக்கு தீஸ், தோஸ். நம் இலக்கணத்தில் மூன்றாவது சுட்டாக உகரமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் உது, உவன் என்று பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை.

'ஒன்' மட்டும் கொஞ்சம் கவனம். கடையில் பெரியது வேண்டும் என்கிறோம். பெரிய என்பதோடு ஒட்டிய அந்த 'து'தான் பொருளைச் சுட்டுகிறது. ஆங்கில பிக்குக்கு அப்படி வால் கிடையாது, "ஐ வாண்ட் தி பிக்" என்றால் அந்தரத்தில் நிற்கும். து செய்யும் வேலையை ஒன் செய்யும்: "தி பிக் ஒன்". சிவப்பானவை என்றால் "தி ரெட் ஒன்ஸ்". குறிப்பிட்ட அதே பொருள் என்றால் இட், அந்த வகையில் ஏதோ ஒன்று என்றால் ஒன். குடை தொலைந்தது. "ஐ ஃபவுண்ட் இட்" என்றால் தொலைந்த குடையே கிடைத்துவிட்டது. "ஐ பாட் ஒன்" என்றால் காசு போனது.

ஏழாம் படி: யாரோ, யாராவது, யாரும்

யாரோ வந்தார்கள், "சம்ஒன் கேம்". யாராவது வந்தார்களா, "டிட் எனிஒன் கம்?" இதுவரை சரி. யாரும் வரவில்லை என்பதில்தான் சறுக்கல். தமிழில் யாரும் முன்னால், இல்லை பின்னால். சொல்லுக்குச் சொல் போனால் "எனிஒன் டிட் நாட் கம்" என்று வரும். ஆங்கிலம் அந்த இல்லையைத் தூக்கி எழுவாயிலேயே வைத்துவிடுகிறது: "நோ ஒன் கேம்". எதுவும் நடக்கவில்லை, "நத்திங் ஹாப்பன்ட்". இல்லையை இரண்டு இடத்திலும் வைத்து "நோ ஒன் டிட் நாட் கம்" என்று சொன்னால் பொருள் கவிழ்ந்து, வராதவர் ஒருவருமில்லை என்றாகிவிடும். எவ்ரிஒன் எத்தனை பேராக இருந்தாலும் வினை ஒருமை, "எவ்ரிஒன் இஸ் ஹியர்".

எட்டாம் படி: பெயரெச்சத்தைத் திருப்பிப்போடுவது

"நேற்று வந்த பையன்" என்பதில் 'வந்த' பெயரெச்சம். விவரம் முதலில், பெயர் கடைசியில். ஆங்கிலத்தில் இதற்கு ரிலேட்டிவ் புரோநவுன் வேண்டும். செய்முறை இப்படி. கடைசியில் இருக்கும் பெயரை முன்னால் கொண்டுவாருங்கள்: "தி பாய்". அடுத்து உயர்திணையா அஃறிணையா என்று கேளுங்கள். நம் திணை இங்கே அப்படியே உதவுகிறது: உயர்திணைக்கு ஹூ, அஃறிணைக்கு விச், பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் பொதுவாக தட். பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கள்: "தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே".

நான் வாங்கிய புத்தகம், "தி புக் விச் ஐ பாட்". இதோடு நிறுத்த வேண்டும். முதல் படியில் இட்டை விடாதே என்று நானே சொன்னேன், அதை நினைத்து "விச் ஐ பாட் இட்" என்று எழுதிவிடாதீர்கள். இட்டின் வேலையை விச் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. இந்த மாதிரி இடத்தில் விச்சையே விட்டுவிட்டு "தி புக் ஐ பாட்" என்றும் சொல்லலாம்.

கொஞ்சம் கஷ்டமானது இனிமேல்தான். நான் தங்கிய அறை. தங்கியது அறையில். ஆனால் அந்த 'இல்' தமிழ்த் தொடரில் எங்குமே இல்லை, பெயரெச்சம் அதை விழுங்கிவிட்டது. நான் எழுதிய பேனா என்பதிலும் 'ஆல்' காணோம். ஆங்கிலம் விழுங்க விடாது. "தி ரூம் ஐ ஸ்டேட் இன்", "தி பென் ஐ ரோட் வித்". ஐ ஸ்டேட் தி ரூமா, ஐ ஸ்டேட் இன் தி ரூமா என்று ஒருமுறை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். அங்கே இன் வந்தால் இங்கேயும் கடைசியில் இன் வர வேண்டும்.

அப்பா வெளிநாட்டில் இருக்கிற பையன் என்பதற்கு "தி பாய் ஹூ ஹிஸ் ஃபாதர்" என்று வரும். ஹூவும் ஹிஸும் சேர்ந்து ஹூஸ் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "தி பாய் ஹூஸ் ஃபாதர் இஸ் அப்ராட்". ஹூம் இன்று பெரும்பாலும் எழுத்தில்தான், அதுவும் ப்ரெபொசிஷனுக்குப் பின்னால். பேச்சில் ஹூ போதும்.

கமா பொருளையே மாற்றிவிடும் இடமும் இங்கே உண்டு. "மை பிரதர், ஹூ இஸ் இன் துபாய், கால்ட் மீ" என்று இரு பக்கமும் கமா போட்டால் எனக்கு இருப்பது ஒரே சகோதரன், அவன் இருப்பது துபாயில். கமாவை எடுத்துவிட்டால் பல சகோதரர்களில் துபாயில் இருப்பவன் என்றாகும்.

செய்து பாருங்கள்

கீழே உள்ள ஐந்தையும் முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லுங்கள், பிறகு விடைக்குப் போங்கள்.

எனக்கு அந்தச் சிறியது வேண்டாம்.
இருட்டிவிட்டது, நாம் கிளம்பலாம்.
யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நானும் அக்காவும் நாங்களாகவே போனோம்.
நான் வேலை செய்யும் கடையின் முதலாளியம்மா நல்லவங்க, அவங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்.
மீனா கலாவிடம் தன் பையைக் கொடுத்தாள்.

முதலாவதில் எனக்கு ஐ ஆகும், து ஒன் ஆகும்: "ஐ டோண்ட் வாண்ட் தி ஸ்மால் ஒன்." இரண்டாவதில் பொம்மை இட்டும் லெட்ஸும்: "இட் இஸ் டார்க், ஸோ லெட்ஸ் கோ." மூன்றாவது "நோ ஒன் இன்வைட்டட் அஸ். மை சிஸ்டர் அண்ட் ஐ வென்ட் ஆன் அவுர் ஓன்." நான்காவதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் எட்டாம் படி கைக்கு வந்துவிட்டது: "தி லேடி ஹூ ஓன்ஸ் தி ஷாப் ஐ வொர்க் இன் இஸ் நைஸ், அண்ட் ஸோ இஸ் ஹெர் ஹஸ்பண்ட்." அவங்க தே ஆகவில்லை, வீட்டுக்காரர் ஹிஸ் ஆகவில்லை, 'இன்' என்ற சிறு சொல்லும் விழவில்லை.

ஐந்தாவதற்கு என் வகுப்பில் எப்போதும் "மீனா கேவ் கலா ஹெர் பேக்" என்றுதான் வரும். பை யாருடையது என்று கேட்பேன். "மீனாவோடதுதான் சார், தன் பைனு இருக்கே" என்பார்கள். ஆங்கிலத்தில் அது எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் "ஹெர் ஓன் பேக், சார்" என்பார்.